டீசல் காரில் கோளாறா? பாகத்தை மாற்றும் முன் நீங்கள் பார்க்க வேண்டியவை

நாலு மாதத்தில் எங்கள் குடும்ப டீசல் கார் ஆறு தடவை ஒர்க்‌ஷாப் போய் வந்தது. மேடு ஏறும்போது திடீரென்று பிக்கப் போய்விடும், மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும், அப்புறம் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகும். ஒரு முறை பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி நெருங்கி வர, ஓரம் கட்ட இடம் இல்லாமல் அரை கிலோமீட்டர் ஊர்ந்தேன். நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

முதலில் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வால்வை மாற்றினார்கள். அப்புறம் ஒரு சென்சார். மூன்றாவதாக, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கையில் வந்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு ரப்பர் ஹோஸில் இருந்தது. அதன் விலை டர்போ விலையில் நூறில் ஒரு பங்குகூட வராது.

டீசல் கார் புதிதாக வாங்கியவர்களுக்கும், பழையதை செகண்ட் ஹேண்டில் எடுத்தவர்களுக்கும் இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. எதை முதலில் பார்க்கச் சொல்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்று தெரிந்திருந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

1. முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள்

"வண்டி இழுக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்கும் ஊகித்துத்தான் வேலை செய்ய முடியும். கோளாறு வந்த ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரம் கட்டியதும் இவற்றைக் குறித்துவிடுங்கள்: இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடேறிவிட்டதா, எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், மேடா, சமதரையா, டாங்கில் எவ்வளவு டீசல் இருந்தது, கடைசியாக எப்போது நிரப்பினீர்கள், ஓடோமீட்டர் எவ்வளவு காட்டியது. டாஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தாலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

இதில் முக்கியமான ஒரு கேள்வி உண்டு. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பிக்கப் திரும்ப வருகிறதா? வந்தால், வண்டிக்குள் இருக்கும் கணினி ஏதோ தப்பைப் பார்த்து வண்டியைத் தானே அடக்கிவிட்டது என்று அர்த்தம், அதைத்தான் லிம்ப் மோட் என்பார்கள். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் மந்தமாகவே இருந்தால் டீசல் ஃபில்டர் அடைப்பு மாதிரி நேரடியான காரணம் ஏதாவது இருக்கும். என் வண்டியில் ஒவ்வொரு முறையும் சாவி போட்டு எடுத்தால் சரியாகிவிடும். மூன்றாவது, நாலாவது கியரில், 2,000 ஆர்பிஎம்முக்கு மேல், மேட்டில் மட்டும்தான் வந்தது. ஊருக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் வரும் கோளாறு என்று அந்தக் குறிப்பைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நான் எழுத ஆரம்பித்ததே நாலாவது தடவைக்கு அப்புறம்தான்.

அதே நோட்டில் பழைய பில்களையும் செருகி வையுங்கள். எந்தப் பாகம், பார்ட் நம்பர், எந்தத் தேதி, எத்தனை கி.மீ. இவ்வளவும் இருந்தால்தான் வாரண்டி கேட்க முடியும், வண்டியை விற்கும்போதும் விலை பேச முடியும்.

2. ஸ்கேனர் சொல்வதைப் படியுங்கள், அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே வண்டியின் கணினியோடு பேச உதவும், 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் ஒரு சின்ன புளூடூத் கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும், எரர் கோடை நீங்களே படித்துவிடலாம். ஒரு தடவை ஒர்க்‌ஷாப் போய் வரும் செலவைவிட இது குறைவு.

டீசல் காரில் அடிக்கடி வருபவை இவை. பி0299 என்றால் கணினி கேட்ட அளவுக்கு டர்போ அழுத்தம் வரவில்லை. பி0401 என்றால் ஈஜிஆர் வழியே போதுமான புகை போகவில்லை. பி0087 ரெயிலில், அதாவது டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் உயர் அழுத்தக் குழாயில், டீசல் அழுத்தம் குறைவு என்பதைச் சொல்லும். பி0380 என்றால் குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்கின் சர்க்யூட்டில் கோளாறு. பி2463 என்றால் புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃபில் கரி சேர்ந்துவிட்டது. பி0128 கூலண்ட் வேண்டிய சூட்டுக்கு வரவில்லை.

கவனியுங்கள், இவற்றில் ஒன்றுகூட எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்லவில்லை. பி0299 வந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஹோஸ் கிழிந்திருக்கலாம், வேக்குவம் குழாய் கழன்றிருக்கலாம், சென்சாரில் கரி படிந்திருக்கலாம், டர்போவை இயக்கும் ஆக்சுவேட்டர் சிக்கியிருக்கலாம். இத்தனைக்கும் அப்புறம்தான் டர்போ.

கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவும் இருக்கும். கோளாறு வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், கூலண்ட் சூடு எல்லாம் அதில் உறைந்து நிற்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் போய்விடலாம். அதோடு கணினியின் சுயபரிசோதனைகளும் முதலிலிருந்து ஓட வேண்டிவரும், புகைப் பரிசோதனைக்குப் போகும் நேரத்தில் இது பெரிய தலைவலி. அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

செலவே இல்லாத ஒரு சோதனை சொல்கிறேன், இதைத் தவற விடாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் போடுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். இப்போது ஆப்பில் லைவ் டேட்டாவைப் பாருங்கள். கூலண்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வெளியே உள்ள காற்றழுத்தத்தையே காட்ட வேண்டும், கடல் மட்டத்தில் அது சுமார் 100 கிலோ பாஸ்கல், மலை மேல் இருந்தால் குறையும். டிபிஎஃப் அழுத்த சென்சார் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இன்ஜினே ஓடாதபோது ஒரு சென்சார் இதில் தப்பாகக் காட்டினால், ஓடும்போது அது சொல்வதை எப்படி நம்புவது?

3. காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

காதைக் கொடுத்துக் கேளுங்கள். செல்ஃப் மெதுவாக முக்கி முக்கிச் சுற்றுகிறதா, வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு பாதை.

மெதுவாகச் சுற்றினால் பேட்டரி. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை 15, 18 மடங்கு நெருக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சேருவதற்குள் சிலிண்டர் சுவரில் கரைந்துவிடும். விளக்கு நன்றாக எரிகிறது என்பதை வைத்து பேட்டரி நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். மல்டிமீட்டரை வையுங்கள். நின்ற நிலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்க்கொண்டிருக்கிறது. டெர்மினலில் வெள்ளைப் பூச்சு, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிள், இரண்டையும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

வேகமாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, கடைசியில் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டே பிடித்து அரை நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்றால் குளோ பிளக்கைப் பாருங்கள். நிறைய மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்பார்கள். நல்ல பிளக்கின் மின்தடை ஒரு ஓம் அளவில்தான் இருக்கும், செத்த பிளக்கில் மீட்டர் அசையாது. பேட்டரி வயரை நேராக வைத்து எரிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் இப்போதைய வண்டிகளுக்கு ஆகாது. பல பிளக்குகள் 12 வோல்ட்டுக்குக் குறைவாக வேலை செய்பவை, நொடியில் கருகிவிடும்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. பழைய குளோ பிளக் கழற்றும்போது உள்ளேயே முறிந்துவிட்டால் சிலிண்டர் ஹெட்டை இறக்க வேண்டிவரலாம். சின்ன வேலை பெரிய பில்லாக மாறும் இடம் இதுதான். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, நிதானமாகக் கழற்றச் சொல்லுங்கள். முறிந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதை வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது சந்தேகம் டீசல் லைனில் காற்று. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: ஒரு ராத்திரி வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், மறுநாள் மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். இறக்கம் பார்த்து நின்றால் நன்றாக ஸ்டார்ட் ஆகி, மேடு பார்த்து நின்றால் அடம் பிடித்தால், ராத்திரியில் டீசல் பின்னால் உள்ள டாங்குக்கே வடிந்து போகிறது. ஃபில்டர் மூடியின் ஓ ரிங், குழாய் இணைப்புகள், இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாய் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

செல்ஃபை ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். ஈதர் ஸ்ப்ரே அடித்தால் உடனே பிடிக்கும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளோ பிளக் சூடாக இருக்கும்போது அது உள்ளே வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடும்.

4. புகையின் நிறம்

கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை: ஏர் ஃபில்டர், ஹோஸ் கசிவு, திறந்தபடி சிக்கிய ஈஜிஆர், அல்லது அதிகமாகக் கொட்டும் இன்ஜெக்டர். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை இரண்டு வகை. கண்ணைக் கரிக்கும் டீசல் வாடையோடு வந்தால் எரியாத டீசல். இனிப்பான வாடையோடு வந்து, கூலண்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் அல்லது ஈஜிஆர் கூலரில் கசிவு. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வந்து மறையும் ஆவிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. டிபிஎஃப் உள்ள காரில் சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டால் ஏறக்குறைய சுத்தமாக இருக்க வேண்டும். விரலில் மை மாதிரி கரி ஒட்டினால், டிபிஎஃப் உள்ளே உடைந்திருக்கிறது, இல்லை யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். பல நாடுகளில் அதை எடுப்பது சட்டவிரோதம், பரிசோதனையில் மாட்டினால் பொறுப்பு உங்களுடையது.

5. பிக்கப் இல்லை, லிம்ப் மோட்

என்னை நாலு மாதம் அலையவிட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காற்று வரும் பாதையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். ஏர் ஃபில்டர், காற்றளவைப் பார்க்கும் மாஃப் சென்சார், டர்போ, அங்கிருந்து ஹோஸ் வழியாக காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், மறுபடி ஹோஸ், த்ராட்டில், ஈஜிஆர் வந்து சேரும் இடம், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் இன்டேக் மேனிஃபோல்ட். சோதனையும் இதே வரிசையில் போக வேண்டும்.

ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அப்புறம் ஹோஸ்கள். ஐடிலில் டர்போ அழுத்தமே இருக்காது, அதனால் நின்ற வண்டியில் பார்த்தால் கிழிந்த ஹோஸும் நல்லதாகவே தெரியும். கிழிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் ஈரமும் அதன் மேல் ஒட்டிய தூசும் கறுப்பாகப் படிந்திருக்கும், அதைத்தான் தேட வேண்டும். என் காரில் அது இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில், ஒரு இரும்புத் தாங்கியோடு உரசும் மடிப்பில் இருந்தது. கடைசியாகப் பார்த்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஹோஸை அங்குலம் அங்குலமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க பாருங்க சார்" என்றார். ஒரு விரல்நகம் நீளம்தான் கீறல். அழுத்தினால் வாய் திறந்தது, விரலை எடுத்தால் மூடிக்கொண்டது. அவருக்கு ஆனது இருபது நிமிடம்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். காற்றுப் பாதையை அடைத்து லேசான அழுத்தத்தில் புகையைச் செலுத்துவார்கள், கசிகிற இடத்தில் புகை வெளியே வரும். அரை மணி, ஒரு மணி நேர வேலைதான். டர்போ மாற்றச் சொல்லும் எந்த எஸ்டிமேட்டுக்கும் முன்பு இந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும் என்பதில் நான் இப்போது பிடிவாதமாக இருக்கிறேன்.

அடுத்தது வேக்குவம் குழாய்கள். பென்சிலைவிட மெல்லிய ரப்பர் குழாய்கள் இன்ஜின் சூட்டில் காய்ந்து நுனியில் வெடிக்கும். நுனியை வெட்டிவிட்டு மறுபடி செருகினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். அப்புறம் டர்போவின் ஆக்சுவேட்டர் ராடு: வேக்குவத்தில் இயங்கும் வகையில், ஒருவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவர் அந்த ராடு தடங்கல் இல்லாமல் முழுத் தூரம் நகர்கிறதா என்று பார்க்கலாம். நகரவில்லை என்றால் குழாய், வேக்குவத்தைத் திறந்து மூடும் சொலினாய்டு, இல்லை டர்போவுக்குள் கரி படிந்து இறுகிய இறக்கைகள். இறுகிய இறக்கைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து காப்பாற்றிய டர்போக்கள் நிறைய.

மேப் சென்சாரைக் கழற்றினால் பல வண்டிகளில் கரி அப்பியிருக்கும். எலக்ட்ரானிக் பாகங்களுக்கான கிளீனர் ஸ்ப்ரே அடித்து உலர விடுங்கள், குச்சி வைத்துச் சுரண்டாதீர்கள். ஈஜிஆர் வால்வும் முதலில் சுத்தம் செய்ய வேண்டிய பொருள்தான், அரை நாள் வேலை. சுத்தம் செய்தும் அதன் மோட்டார் அசையாவிட்டால் அப்போது மாற்றலாம்.

டர்போதான் கெட்டது என்று சொல்ல வேண்டுமென்றால் ஆதாரம் வேண்டும்: ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால் இறக்கை சுவரில் உரசுவது, ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கும் ஊளைச் சத்தம், நீலப் புகை, இன்டர்கூலருக்குள் தேங்கிய ஆயில். ஹோஸில் லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம், அதைக் காட்டி டர்போ போச்சு என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தால், டர்போவுக்கு ஆயில் கொண்டு போகும் குழாயையும் சேர்த்து மாற்றி, ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போடுங்கள். பழைய குழாய் அடைத்திருந்தால் புது டர்போ சில நாட்களில் படுத்துவிடும்.

6. டிபிஎஃப்: ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்

டிபிஎஃப் புகையில் உள்ள கரியைப் பிடித்து வைக்கும். அது நிறைந்ததும் கணினி கூடுதல் டீசலைச் செலுத்தி, ஃபில்டரை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக் கரியை எரிக்கும். இதை ரீஜென் என்பார்கள். 10 முதல் 20 நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளிக்கூடம், கடை, வீடு என்று ஐந்து கி.மீ. ஓட்டி ஓட்டி அணைத்தால் ஒவ்வொரு தடவையும் அது பாதியில் நிற்கும்.

ரீஜென் நடக்கிறது என்று பல கார்கள் உங்களுக்குச் சொல்லாது. ஐடில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கும், மைலேஜ் காட்டி திடீரென்று இறங்கும், ஸ்டார்ட் ஸ்டாப் வேலை செய்யாது, இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் ஓடும், சூடான உலோக வாடை வரும். இந்த அறிகுறி தெரிந்தால் வீட்டு வாசலில் அணைக்காமல் இன்னொரு சுற்றுப் போய் வாருங்கள். காய்ந்த புல், சருகு மேல் மட்டும் நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.

டிபிஎஃப் விளக்கு நிலையாக எரிந்தால் இன்னும் காலம் இருக்கிறது. நல்ல சாலையில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல், 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் 20 நிமிடம் ஓட்டுங்கள். விளக்கு மினுக்க ஆரம்பித்தாலோ இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ நீங்களாக முயல வேண்டாம், ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்து ரீஜென் செய்யச் சொல்லுங்கள்.

ஆனால் முக்கியமான கேள்வி, ஏன் அடைத்தது என்பது. ஃபில்டரைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு காரணத்தைப் பார்க்காமல் விட்டால் மறுபடி அடைக்கும். பலர் நினைத்தே பார்க்காத காரணம் தெர்மோஸ்டாட். அது திறந்தபடி நின்றுவிட்டால் இன்ஜின் 70 டிகிரியைத் தாண்டாது, இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து கணினி ரீஜெனை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. டாஷ்போர்டு முள் பல கார்களில் நடுவிலேயே நின்று ஏமாற்றும், அதனால் ஆப்பில் எண்ணாகப் பாருங்கள். சூடேறிய இன்ஜின் 85, 90 டிகிரிக்கு வர வேண்டும். அடுத்தது டிபிஎஃப் அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்கள். அதில் ஒன்று வெடித்திருந்தால் கணக்கே தப்பாகும்.

வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பாதியில் நின்ற ரீஜென்களின் டீசல் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போய், மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காதீர்கள், அந்த ஆயிலை உடனே மாற்றுங்கள். மாற்றும்போது டிபிஎஃப் காருக்கு உரிய, சாம்பல் குறைந்த ஆயிலாக இருக்க வேண்டும். எந்தத் தரம் என்று உரிமையாளர் கையேட்டில் இருக்கும், பில்லிலும் அதே தரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் எரிந்து விடும் சாம்பல் எந்த ரீஜெனிலும் எரியாது. 1,50,000 கி.மீ. தாண்டிய கார்களில் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது அந்தச் சாம்பலுக்காகத்தான், ஒன்றிரண்டு நாள் ஆகும், புது ஃபில்டரோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

ரொம்ப நேர்மையாகச் சொல்கிறேன், உங்கள் ஓட்டம் தினமும் பத்து கி.மீ.க்குள் ஊருக்குள் மட்டும் என்றால், டிபிஎஃப் வைத்த டீசல் கார் உங்களுக்கு ஏற்றது இல்லை. இன்னும் வாங்கவில்லை என்றால் யோசியுங்கள்.

7. இன்ஜெக்டர்

எச்சரிக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். காமன் ரெயில் குழாயில் ஐடிலிலேயே 250 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், மிதிக்கும்போது பல வண்டிகளில் 1,600 பாரையும் தாண்டும். கசிகிறதா என்று கையை வைத்துத் தடவாதீர்கள். ஊசி மாதிரி தோலுக்குள் டீசல் ஏறிவிடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே இழக்க நேரலாம். பழைய இன்ஜின்களில் செய்வது போல ஓடும்போது குழாய் நட்டைத் தளர்த்திப் பார்ப்பதும் இதில் கூடவே கூடாது.

ஐடிலில் ஆட்டம், டக் டக் சத்தம், சூடான பிறகு ஸ்டார்ட் ஆக மறுப்பது, பி0087 கோட் என்றால் முதலில் டீசல் ஃபில்டர். அது சரி என்றால் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சின்ன பாட்டிலைத் தொங்கவிட்டு இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிடுவார்கள். நாலு பாட்டிலில் மூன்று ஒரே உயரத்தில் நிற்க, ஒன்று மட்டும் வேகமாக நிறைந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. அரை மணி வேலை, நாலு இன்ஜெக்டரையும் மாற்றுவதிலிருந்து இது உங்களைக் காப்பாற்றலாம்.

இன்ஜினில் "சஃப் சஃப்" என்று மூச்சு விடும் சத்தமும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கெட்டியான கறுப்புப் படிவும் இருந்தால், இன்ஜெக்டர் நன்றாகவே இருக்கலாம், அடியில் உள்ள தாமிர வாஷர்தான் விட்டிருக்கும். அந்த வாஷரின் விலை மிகச் சின்னது, ஆனால் தள்ளிப் போட்டால் அந்தத் தார் இறுகி இன்ஜெக்டரை வெளியே எடுக்கவே விடாது.

மாற்ற முடிவானால் இரண்டு விஷயம். பழைய டீசல் ஃபில்டரை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: மினுமினுக்கும் உலோகத் தூள் இருந்தால் பம்ப் தேய்ந்து கொட்டுகிறது, அப்போது இன்ஜெக்டரை மட்டும் மாற்றுவது வீண். இரண்டாவது, பெரும்பாலான இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு குறியீடு இருக்கும், அதைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். பதிந்த குறியீட்டையும் பெஞ்சில் சோதித்த ரிப்போர்ட்டையும் பில்லோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

8. அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டியவை

சிவப்பு ஆயில் விளக்கு, சூடு முள் சிவப்பைத் தொடுவது: உடனே அணையுங்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

பெட்ரோல் ஊற்றிவிட்டார்கள் என்றால் சாவியையே போடாதீர்கள். சாவி போட்டதுமே பல கார்களில் டாங்கில் உள்ள பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். ஓடாமல் டாங்கை மட்டும் காலி செய்தால் ஒரு நாள் வேலை. ஓட்டிவிட்டால் உயர் அழுத்தப் பம்புக்கு டீசலின் வழவழப்பு கிடைக்காமல் தேய்ந்து, ரெயில், இன்ஜெக்டர் வரை செலவு இழுக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் திரவமான ஆட்பிளூவுக்குத் தனி மூடி உள்ள கார்களில் அதை டீசல் டாங்கில் ஊற்றுவதும் இதே மாதிரிதான். ஆட்பிளூ தீரப்போகிறது என்று கி.மீ. எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தால் அலட்சியம் வேண்டாம், பூஜ்யம் ஆன பிறகு அணைத்தால் பல கார்கள் திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

சாவியை எடுத்தும் இன்ஜின் நிற்காமல் தானே வேகம் ஏறிக்கொண்டே போனால், டர்போ வழியே தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது. அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, பெரிய கியரில் போட்டு, கிளட்சை விடுங்கள், இன்ஜின் திணறி நிற்கும். முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கிக்கொண்டு தள்ளிப் போய் நில்லுங்கள். பானெட்டுக்கு மேல் குனியாதீர்கள்.

9. ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்பது

நோட்டையும் ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டுங்கள். கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாகக் கூலி கொடுக்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். பாகம் விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, நிதானமாகத் தேடுங்கள் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

எஸ்டிமேட் எழுத்தில் வேண்டும், பாகமும் கூலியும் தனித்தனியாக. எந்தச் சோதனையில் இந்தப் பாகம் கெட்டது என்று தெரிந்தது என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும். அந்த வரியை எழுத முடியாத எஸ்டிமேட்டோடு வெளியே வந்து இன்னொருவரிடம் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், பழசைக் கொடுத்தால்தான் புதுசு விலை குறையும் என்றால் போட்டோவாவது எடுங்கள். வேலை முடிந்ததும் கோளாறு வந்த அதே மாதிரி மேட்டில், அதே கியரில் மெக்கானிக்கோடு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி எல்லாம் சரி என்று வாங்கி வந்துதான் நான் மூன்று தடவை ஏமாந்தேன்.

10. கூடவே வாழ்வதற்கான கணக்கு

கையேடு சொல்லும் இடைவெளிதான் முதல் விதி. ஊருக்குள் குறைந்த தூரமே ஓடும் வண்டிக்கு ஆயிலை அதில் பாதி இடைவெளியில் மாற்றுவது என் வழக்கம். டீசல் ஃபில்டர் பொதுவாக 20,000 முதல் 40,000 கி.மீ., அதன் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் திறந்து வடிக்கச் சொல்லுங்கள். புது ஃபில்டர் போட்டதும் லைனில் உள்ள காற்றை எடுக்காமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்க விடாதீர்கள்.

நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள், டர்போ ஆறட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முறுக்காமல் முதல் சில கி.மீ. மெதுவாகப் போங்கள்.

கிளட்சை மிதித்தால் நின்று, விட்டால் வரும் கடகட சத்தம் கேட்க ஆரம்பித்தால் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுழலும் ஃப்ளைவீலையோ கியர்பாக்ஸ் பேரிங்கையோ பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளைவீல்தான் என்று தெரிந்தால், கிளட்ச் மாற்றும்போதே அதையும் சேர்த்து மாற்றிவிடுவது கூலியை மிச்சப்படுத்தும். டைமிங் பெல்ட் உள்ள கார் என்றால் கி.மீ. எவ்வளவு என்பதோடு வருடக் கணக்கையும் பாருங்கள். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகும், அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். செகண்ட் ஹேண்டில் எடுத்து, பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் மாதமே மாற்றிவிடுங்கள். தண்ணீர் பம்பையும் அந்த பெல்ட்டே சுற்றினால் அதையும் அப்போதே சேர்த்துப் போடுங்கள். மாற்றிய தேதியையும் கி.மீ.யையும் எழுதிய ஸ்டிக்கரை பானெட்டுக்கு உள்ளே ஒட்டச் சொல்ல மறக்காதீர்கள்.